சாத்புரா மலைக்குச் செல்வோர் கற்றுத் திரும்புதல் வேண்டும்

சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் இரயில் வண்டி நாகபுரியைக் கடந்தபின், பேதூல் நிலையத்திற்கும் இடார்சி நிலையத்திற்கும் இடையே ஒரு மலைப் பிரதேசத்தினூடே செல்கிறது. பாதை வளைந்து வளைந்து போகிறது. இடையிடையே சுரங்கங்கள் குறுக்கிடுகின்றன. இருபுறமும் தேக்கு மரக் காடுகள் தென்படுகின்றன. பிரயாணிகளிற் பெரும்பாலோர் அதனைப் பெயரறியாத ஏதோ ஒரு காடென்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். அவர்கள் கடந்து செல்வது சாத்புரா மலைத்தொடராகும். வடக்கே நருமதையும் தெற்கே தபதியும் மேற்கு நோக்கிப் பாய, அவ்விரு நதிகளின் இடையே சுமார் 900 கிலோமீட்டர் நீளத்திற்குக் கிழக்கு மேற்காகக் கிடக்கும் மலைத்தொடர் இது.

இத்தொடரின் நடுப்பகுதியில், பிபரியா இரயில் நிலையத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் பச்மரி என்னும் மேட்டுநிலம் அமைந்துள்ளது. அதற்கருகே உள்ள தூப்கர் சிகரம் 1,350 மீட்டர் உயரமுடையது. மத்தியப் பிரதேச மாநிலத்தில் அதனினும் உயர்ந்த இடம் வேறில்லை. கோடையில் சமவெளி கொதிக்கும்போது பச்மரி குளிர்ந்திருக்கும். மழைக்காலத்தில் அருவிகள் பெருகும். ஆகவே ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் அங்கே செல்கின்றனர். பள்ளி, கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களின் பொறுப்பில் அழைத்துச் செல்லப்படுகின்றனர். பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தேசியப் பயிற்சி நிலையமும் அங்கேயே இருத்தலால், மலையேற்றம், கூடாரமடித்துத் தங்குதல் முதலிய பயிற்சிகளுக்காகவும் இளைஞர்கள் வருகின்றனர்.

இவ்வருகை வரவேற்கத்தக்கதே. எனினும் அது நிகழும் முறை திருப்தி அளிப்பதாயில்லை. காலையில் ஓர் அருவி, நண்பகலில் ஒரு குகை, மாலையில் தூப்கர் சிகரத்தில் சூரியாஸ்தமனம் என்று ஒரே நாளில் பல இடங்கள் கணக்கிடப்பட்டு, ஒவ்வோர் இடத்திலும் புகைப்படம் எடுத்துக்கொண்டவுடன் பிரயாணம் முடிவுறுகிறது. எத்தனை இடங்கள் கண்டனர் என்பதற்குக் கணக்கு உண்டு. என்ன கற்றனர் என்பதற்குக் கணக்கில்லை. கற்பதற்கு அங்கே உள்ளவை மிகப் பல. அவற்றுட் சில, அறியாதோர் கை பட்டால் ஒரே நாளில் அழிந்துபோகக் கூடியவை. ஆகவே மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்வது கல்விப் பணியாகவே நடைபெறவேண்டும் என்பதும், அப்பணியில் ஆசிரியரும் காட்டிலாகாவின் கள ஊழியரும் கூட்டாளிகளாக இருத்தல் வேண்டும் என்பதும் இங்கே வற்புறுத்தப்படுகின்றன.

பாறையிலிருந்து தொடங்குக

பச்மரியின் செங்குத்தான சுவர்களும் ஆழ்ந்த பள்ளங்களும் மணற்கல்லால் ஆனவை. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், டிரையாசிக் காலத்தில், பெரிய ஆறுகள் கொணர்ந்து குவித்த மணலே நாளடைவில் இறுகிப் பாறையாயிற்று. இப்பாறைகள் கோண்டுவானப் பாறை வரிசையைச் சேர்ந்தவை. கோண்டுவானம் என்பது கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயர். இந்திய நிலவியல் ஆய்வாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பெயரை இப்பாறைகளுக்கு இட்டனர். பின்னர் எடுவர்ட் சூயஸ் என்னும் ஆஸ்திரிய நாட்டு அறிஞர், தெற்கேயுள்ள பெருநிலப் பகுதிகள் ஒரு காலத்தில் இணைந்திருந்தன என்று கருதி, அப்பண்டைய நிலப்பரப்பிற்குக் கோண்டுவானா நிலம் என்று 1885ஆம் ஆண்டில் பெயர் சூட்டினார்.

குளோசாப்டெரிஸ் என்னும் தாவரத்தின் இலைப் படிவங்கள் இந்தியாவிலும், ஆப்பிரிக்காவிலும், தென் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் கிடைத்தன. தென் துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் 1912ஆம் ஆண்டில் உயிர்நீத்த ஸ்காட் குழுவினர் இறுதிவரை சுமந்துவந்த கற்களிலும் அப்படிவங்கள் இருந்தன. இன்று உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் உச்சரிக்கும் அப்பெயர் மத்திய இந்தியாவின் பழங்குடி மக்களிடமிருந்து பெறப்பட்டது. ஆயினும் பச்மரிக்குச் சென்று திரும்பும் மாணவருள் எத்தனை பேர் இதனை அறிந்து திரும்புகின்றனர் என்பது கேட்கத்தக்க கேள்வி.

மணற்கல் நீரை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய நீர் வெடிப்புகளின் வழியே மெல்லக் கசிகிறது. வெடிப்புகளைப் பின்பற்றி ஓடைகள் அறுத்துச் சென்றமையால் ஆழமும் குறுகலுமான பள்ளங்கள் உண்டாயின. அவற்றினடியில் வெயில் விழுவது அரிது. மேலே உள்ள பாறைத்தளம் கோடையில் காய்ந்து கிடப்பினும், கீழே ஈரமும் நிழலும் நிலைத்திருக்கின்றன. அதனாலேயே சுற்றியுள்ள வறண்ட காடுகளில் வளரவியலாத பெரணி வகைகள் பச்மரியின் பள்ளங்களிற் செழித்து வளர்கின்றன. மரத்தைப் போல் நிமிர்ந்து நிற்கும் மரப்பெரணிகளும் அவற்றுள் அடங்கும். சைலோட்டம் என்னும் சிறு தாவரமும் அங்கே உண்டு. உண்மையான வேரும் இலையும் அதற்கில்லை. நிலத்தில் முதன்முதல் தோன்றிய தாவரங்களின் எஞ்சிய வாரிசு என்று அது நெடுங்காலம் கருதப்பட்டது. மரபணு ஆராய்ச்சி வந்தபின், அது பெரணிகளின் உறவே என்று தெளிவாயிற்று.

இத்தாவரங்களின் பொருட்டே தாவரவியல் மாணவர்கள் பல தலைமுறைகளாகப் பச்மரிக்கு வருகின்றனர். மாதிரி சேகரித்தல் பாடத்தின் ஒரு பகுதியாக இருந்தது. ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் எனவும், ஒவ்வொருவரும் ஒரு செடியைப் பறிப்பதாகவும், ஆண்டில் இருபது வகுப்புகள் வருவதாகவும் வைத்துக்கொண்டால், 800 செடிகள் போய்விடும். ஒரு சில பள்ளங்களில் மட்டுமே வாழும் ஓர் இனம் இதனைத் தாங்க வல்லதன்று. அன்றியும் இப்பகுதியின் பெரும்பாகம் தேசியப் பூங்காவும் சரணாலயமும் ஆகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே அனுமதியின்றிச் செடியைப் பறிப்பது குற்றம். காகிதத்தில் வரைதலும், அளவு குறித்தலும், புகைப்படம் எடுத்தலும் இன்று எவருக்கும் எளிது. செடி வாழும் இடத்தின் ஈரம், நிழல், பாறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட மாணவன், செடியைப் பிடுங்கி உலர்த்திய மாணவனைக் காட்டிலும் அதிகம் கற்றவனாவான்.

மீன் எழுப்பிய வினா

சாத்புரா மலைத்தொடர் இந்திய விஞ்ஞானத்தில் நெடுநாள் நிலவிவரும் ஒரு விவாதத்தின் நிலைக்களமாகும். சுந்தர் லால் ஹோரா என்பார் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைவராக விளங்கியவர். மீன்களைப் பற்றி ஆழ்ந்த ஆராய்ச்சி செய்தவர். கிழக்கு இமயத்திலும் அஸ்ஸாம் மலைகளிலும் பாய்ந்தோடும் ஓடைகளில் வாழும் சில மீன்களின் உறவினங்கள், நெடுந்தொலைவிற்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிற் காணப்படுவதை அவர் கண்டார். இம்மீன்கள் வயிற்றுப்புறத்தால் கல்லைப் பற்றிக்கொண்டு வேகநீரில் நிலைத்து வாழ்பவை. சமவெளியின் மந்தமான ஆறுகள் அவற்றிற்கு ஏற்றவை அல்ல. எனின் அவை எவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றன?

பண்டைக் காலத்தில், தட்பவெப்ப நிலை இன்றையதைக் காட்டிலும் ஈரமாயிருந்தபோது, சாத்புரா மலைத்தொடரே அவை கடந்து சென்ற பாலமாக இருந்திருக்கவேண்டும் என்பது ஹோரா கூறிய விடை. இது சாத்புராக் கருதுகோள் எனப் பெயர் பெற்று, 1949ஆம் ஆண்டில் விரிவாக வெளியிடப்பட்டது. பறவைகளின் பரவலைக் கொண்டு டாக்டர் சாலிம் அலியும் அதே ஆண்டில் இக்கருத்தை ஆராய்ந்தார்.

இன்றைய நிலை யாது? மரபணுச் சான்றுகள் கிடைத்தபின் இக்கருதுகோள் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டு வருகிறது. சில உயிரினங்களுக்கு இது பொருந்தலாம், பலவற்றிற்குப் பொருந்தவில்லை. வரையாட்டின் வரலாறு இதற்குத் தக்க பாடமாகும். தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய நீலகிரி வரையாடும், இமயமலையின் தார் ஆடும் தோற்றத்தில் ஒத்திருந்தமையால் ஒரே பேரினத்திற் சேர்க்கப்பட்டிருந்தன. ஒன்று தெற்கிலும் மற்றொன்று வடக்கிலுமாகப் பிரிந்து வாழ்வது, இடையே ஒரு பாலம் இருந்தது என்பதற்குச் சான்றாகவும் தோன்றிற்று. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு, நீலகிரி வரையாடு இமயத்துத் தார் ஆட்டைக் காட்டிலும் செம்மறியாட்டு இனத்திற்கே நெருங்கியது என்று காட்டிற்று. அதனைத் தனிப் பேரினமாகவும் பிரித்தது. ஒத்த தோற்றம் ஒத்த மரபிற்கு எப்போதும் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

ஹோராவின் கருத்து முழுதும் நிலைக்கவில்லை என்பதால் அவருடைய பெருமை குறைந்துவிடாது. சரியான வினாவை எழுப்பியவர் அவர். பாடப்புத்தகத்தில் விஞ்ஞானம் பெரும்பாலும் முடிந்த முடிபாகவே மாணவனுக்குத் தரப்படுகிறது. ஒரு கருத்து எவ்வாறு பிறந்தது, எச்சான்றினால் தளர்ந்தது, எப்பகுதி இன்னும் ஆராயப்படுகிறது என்பதைச் சாத்புராவின் ஓடைக்கரையில் நின்று விளக்கக்கூடிய ஆசிரியர், விஞ்ஞானத்தின் உட்பொருளையே விளக்கியவராவார்.

இத்தகைய வினாக்களைக் கள ஊழியர்கள் எழுப்பிய வரலாறும் இம்மலைக்கு உண்டு. 1862ஆம் ஆண்டில் இக்காடுகளை ஆராய அனுப்பப்பட்ட ஜேம்ஸ் பார்சித் என்னும் அதிகாரி பச்மரியில் ஒரு சிறு விடுதி கட்டினார். பைசன் லாட்ஜ் என்னும் அக்கட்டடம் இன்றும் உள்ளது. தேக்குக் காடுகளின் நடுவே, சால் மரங்கள் தனித்து ஒரு திட்டாக நிற்பதையும், சால் காடுகளுக்கே உரிய சதுப்பு மானும் சிவப்புக் காட்டுக்கோழியும் அத்திட்டிலேயே காணப்படுவதையும் அவர் குறித்துவைத்தார். பின்னாளில் சதுப்பு மான்கள் அங்கே அற்றுப்போயின. அண்மை ஆண்டுகளில் கானாக் காட்டிலிருந்து மீண்டும் கொணரப்பட்டன. ஒரு காலத்தில் அவை அங்கே இருந்தன என்பதற்கு அன்று எழுதப்பட்ட குறிப்பு சான்றாயிற்று. கள ஊழியரின் நாட்குறிப்பு எத்துணைக் காலம் கழித்தும் பயன்படும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

பாறைச் சித்திரங்களும் அவற்றின் பகையும்

பச்மரியைச் சுற்றிலும், மேற்பாறை முன்னோக்கி நீண்டு நிழல் தரும் இடங்களில், பண்டை மக்கள் தீட்டிய சித்திரங்கள் பல உள்ளன. ஜம்புத்வீப், மகாதேவ், டோரதி டீப் முதலியன அவ்விடங்களுட் சில. காவிக்கல்லினின்று பெறப்பட்ட சிவப்பும், வெண்மையும் பெரும்பாலும் பயன்பட்டிருக்கின்றன. வில்லேந்திய வேடர், நடனமாடுவோர், மரத்திலேறித் தேன் எடுப்போர், வாளேந்திய குதிரை வீரர் ஆகியோரின் உருவங்கள் அங்கே காணப்படுகின்றன. 1930களில் ஹன்டர் என்னும் ஆராய்ச்சியாளர் டோரதி டீப் புகலிடத்தின் தரையை அகழ்ந்து, நுண்கற்கருவிகளைக் கண்டெடுத்தார். கார்டன் என்பார் சித்திரங்களைக் கால வரிசைப்படுத்த முயன்றார்.

இச்சித்திரங்கள் அனைத்தும் ஒரே காலத்தவை அல்ல. நுண்கற்கருவி வழங்கிய காலத்து வேட்டைக் காட்சிகளும் உண்டு. குதிரையும் இரும்பு வாளும் வந்துவிட்ட வரலாற்றுக் காலத்துக் காட்சிகள் அவற்றினும் மிகுதி. ஒரு சித்திரத்தின்மேல் மற்றொன்று தீட்டப்பட்டிருக்கும் இடங்களில் கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. மணற்கல் அடுக்குகளின் வயதை அறிவதற்கும் இதே விதியே பயன்படுகிறது. நிலவியலும் தொல்பொருளியலும் ஒரே தர்க்கத்தின் இரு பயன்கள் என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் அப்பாறையின் முன் நின்றால் விளங்கிக்கொள்ளும்.

இவை இத்துணைக் காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் யாது? இரும்பு ஆக்ஸைடு எளிதில் நிறம் மாறாதது. மேற்பாறை மழையைத் தடுக்கிறது. நேர் வெயிலும் விழுவதில்லை. ஆயின் மழையினின்று தப்பிய சித்திரத்தின்மீது மனிதனே நீர் தெளிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நனைந்தால் நிறம் பளிச்சென்று தோன்றும். புகைப்படம் நன்கு விழும். ஆனால் அந்நீர் பாறையினுட் சென்று உப்புகளைக் கரைக்கிறது. உலரும்போது அவ்வுப்புகள் மேற்பரப்பிற்கு வந்து வெண்படலமாகப் படிகின்றன. நாளடைவில் சித்திரத்தை மறைக்கின்றன. நுண்ணிய துகள்களாகப் பாறையையே பெயர்க்கின்றன. அடியில் மூட்டும் சமையல் நெருப்பின் புகையும், கரியாலும் சுண்ணாம்பாலும் பெயர் எழுதுவதும் செய்யும் கேடுகளை விளக்கவேண்டுவதில்லை. வெட்டிய மரத்திற்குப் பதிலாக வேறு மரம் நடலாம். அழிந்த சித்திரத்திற்குப் பதில் இல்லை.

விந்திய மலைப் பகுதியில் உள்ள பீம்பேட்காப் பாறைப் புகலிடங்கள் 2003ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் போற்றப்படுகின்றன. அங்கே காவலும் ஒழுங்கும் உண்டு. பச்மரியின் புகலிடங்களோ காடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிற்கும் ஒரு காவலரை நிறுத்துதல் இயலாது. அங்கே காவல் என்பது வருவோரின் அறிவேயன்றி வேறன்று.

மலையின் மக்கள்

இயற்கையையும் பழஞ்சின்னங்களையும் மட்டும் கண்டு, அங்கே வாழும் மக்களைக் காணாது திரும்புவது குறையுடைய பிரயாணமாகும். கோண்டு, கோர்க்கு என்னும் இரு பழங்குடியினர் இம்மலைகளில் வாழ்கின்றனர். கோண்டி மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கண், கை ஆகிய சொற்கள் அம்மொழியிலும் ஏறத்தாழ அவ்வாறே ஒலிப்பன. கோர்க்கு மொழியோ முண்டா மொழிகளுள் ஒன்று. அவ்வினத்தின் மேற்கெல்லையில் வழங்குவது. தமிழாசிரியர் ஒருவர் கோண்டு வழிகாட்டி ஒருவரோடு அரை நாள் நடந்து, மரம், கல், நீர், உடலுறுப்பு ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வாராயின், மொழி வரலாற்றில் ஒரு முழுப் பாடத்திற்கு வேண்டிய பொருள் அவர் கையில் இருக்கும்.

மகாசிவராத்திரியின்போது பல்லாயிரவர், நேர்த்திக் கடனாகத் திரிசூலங்களைத் தோளிற் சுமந்துகொண்டு, ஆயிரத்திற்கு மேற்பட்ட படிகளேறிச் சௌராகர் சிகரத்துச் சிவாலயத்தை அடைகின்றனர். நாகபஞ்சமியையொட்டி நாகத்வாரி யாத்திரை நடைபெறுகிறது. கோடையின் தொடக்கத்தில் கிராம மக்கள், நம் இலுப்பைக்கு நெருங்கிய உறவாகிய மகுவா மரத்தின் பூக்களைப் பொறுக்குகின்றனர். பூ விழுவது தெரியும்பொருட்டு மரத்தடியின் சருகுகளைச் சிலர் எரிப்பதுண்டு. அந்நெருப்பு பரவிக் காட்டுத் தீயாவதும் உண்டு. இவ்வாறு ஒரே மரத்தில் உணவும், வழக்கமும், ஆபத்தும் பின்னிக் கிடக்கின்றன. இதனைக் கட்டளையினால் மட்டும் தீர்க்கவியலாது என்பதைக் கள ஊழியர்கள் அறிவர்.

சாத்புரா தேசியப் பூங்கா 1981ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. பச்மரி உயிர்க்கோளக் காப்பிடம் 1999ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. புலிகள் காப்பகத்தின் உட்பகுதியிலிருந்த கிராமங்கள் பல, வெளியே குடியமர்த்தப்பட்டுள்ளன. காட்டிற்கு இதனால் நன்மை உண்டு. ஆயினும் எந்த ஓடை கோடையிலும் வற்றாது, எம்மரம் எப்போது பூக்கும், எப்பாறையின் கீழ்ச் சித்திரம் உள்ளது என்பன போன்ற அறிவு அக்கிராமத்து முதியோரிடமே இருந்தது. அவர்கள் இடம் பெயர்ந்தபின் அவ்வறிவு எழுத்தில் ஏறாவிடில், ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகும். மாணவர் குழுக்கள் செய்யக்கூடிய பயனுள்ள பணிகளுள், இம்முதியோரைக் கண்டு கேட்டு எழுதுதலே முதன்மையானது எனலாம்.

சில ஆட்சேபணைகள்

மக்கள் ஓய்வுக்காக மலைக்குச் செல்கின்றனர். அங்கும் பாடம் நடத்துவது கொடுமையன்றோ என்று கேட்கப்படலாம். ஓய்விற்கு எவரும் தடை சொல்லவில்லை. ஆனால் அறிவு இன்பத்தைக் குறைப்பதில்லை. தூப்கர் சிகரத்தில் சூரியன் மறைவதைக் காண்போன், தான் நிற்கும் பாறை ஒரு காலத்தில் ஆற்று மணலாயிருந்தது என்று அறிந்திருப்பின், அக்காட்சி அவனுக்குச் சிறுத்துவிடாது.

மலையைக் காப்பதற்கு ஒரே வழி அதனை அடைத்துவிடுதலே என்பது மற்றொரு சாராரின் வாதம். சில பள்ளங்களையும் சில புகலிடங்களையும் அடைத்தே தீரவேண்டும் என்பது உண்மையே. ஆயின் மலை முழுவதையும் அடைத்தல் இயலாது. யாத்திரிகரும் உள்ளூர் மக்களும் என்றும் செல்வர். அன்றியும் எவரும் காணாத பொருளுக்காக வாதாடுவோர் இல்லாமற்போவர். எண்ணிக்கையைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதே நடுநிலையான வழி. சாத்புராப் புலிகள் காப்பகத்தில் வனத்துறை வழிகாட்டியுடன் நடந்து செல்லும் முறை உண்டு. தேன்வா நதியின் தேக்கநீரில் சிறு படகிற் செல்லவும் வகையுண்டு. வண்டியில் ஒரு மணியில் இருபது கிலோமீட்டர் செல்வோன் புலியை மட்டும் தேடுகிறான். நடப்பவனோ காலடித் தடத்தையும், கரையான் புற்றையும், மலை அணிலின் கூட்டையும் காண்கிறான்.

மூன்றாவது ஆட்சேபணை பணத்தைப் பற்றியது. எல்லாப் பள்ளிகளும் மத்தியப் பிரதேசத்திற்குச் செல்லவியலாது. செல்லவேண்டுவதுமில்லை. இங்கே கூறப்படுவது ஒரு முறை. சாத்புரா அதற்கு உதாரணம். தமிழ்நாட்டிலும் விழுப்புரத்தையடுத்த கீழ்வாலையிலும், நீலகிரியின் கரிக்கியூரிலும் பாறைச் சித்திரங்கள் உள்ளன. அவையும் இதே பகைகளால் நலிகின்றன. கொல்லிமலையும், சவ்வாது மலையும், சிறுமலையும் தமக்குரிய பாறைகளையும், மரங்களையும், மக்களையும் கொண்டு நிற்கின்றன.

செய்யத்தக்கவை

ஆசிரியர் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, புறப்படுமுன் வகுப்பில் ஒரு மணி நேரமாவது வரைபடத்தைப் பரப்பி, நதிகளின் போக்கையும் பாறைகளின் வயதையும் விளக்குக. இரண்டாவது, ஒரு நாளைக்கு ஐந்து இடங்களுக்குப் பதிலாக ஓரிடத்தையோ ஈரிடங்களையோ தேர்ந்தெடுக்க. மூன்றாவது, பத்து மாணவருக்கு ஒரு பெரியவர் என்ற அளவில் சிறு குழுக்களாகச் செல்க. ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு வினாவைக் கொடுக்க. சால் எங்கே முடிந்து தேக்கு எங்கே தொடங்குகிறது, பள்ளத்தின் அடியிலும் மேலும் வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறது என்பன போன்ற எளிய வினாக்களே போதும். ஒரு சாதாரண வெப்பமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் கருவிகளாகும். நான்காவது, பறித்தல், கிறுக்கல், நீர் தெளித்தல், தீ மூட்டல் ஆகியவற்றை விலக்குமாறு சொல்வதோடு, ஏன் விலக்கவேண்டும் என்ற காரணத்தையும் சொல்லுக. காரணம் அறிந்த மாணவன் தன் வீட்டாரையும் தடுப்பான்.

கள ஊழியர் செய்யத்தக்கது ஒன்றே. அனுமதிச் சீட்டைப் பார்ப்பதோடு நில்லாது, வருகின்ற ஒவ்வொரு குழுவிற்கும் தாம் நன்கறிந்த செய்தி ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். வனக் காவலரிற் பலர் தம் பொறுப்பிலுள்ள காட்டை எந்த நூலும் கூறாத அளவிற்கு அறிந்தவர்கள். ஆயினும் தம்மிடம் உள்ளது அறிவு என்று அவர்களுக்கு எவரும் கூறியதில்லை. ஆசிரியர் ஒருவர் மாணவரின் முன்னிலையில் காவலரை நோக்கி, “ஐயா, இதனைத் தாங்கள் விளக்கவேண்டும்” என்று கேட்பாராயின், அம்மரியாதை அக்காட்டிற்கே காவலாகும்.

அரசாங்கம் செய்யத்தக்கதும் உண்டு. காவலர்களுக்கு அளிக்கும் பயிற்சியில் விலங்கு, மரம் ஆகியவற்றோடு பாறையும் பாறைச் சித்திரமும் இடம்பெறல் வேண்டும். அருவிகளின் முன்னும் புகலிடங்களின் முன்னும் வைக்கும் பலகைகள் இடத்தின் பெயரையும் உயரத்தையும் கூறுவதோடு அமையாது, அவ்விடம் உண்டான விதத்தை இரண்டு வாக்கியங்களிலாவது கூறவேண்டும். விளக்கப் பிரசுரங்கள் மக்கள் பேசும் மொழிகளில், கோண்டியும் கோர்க்குவும் உட்பட, எளிய நடையில் வெளிவரவேண்டும். தன் நாட்டின் மலையைப் பற்றித் தன் மொழியில் படிக்கவியலாதவனிடம் அம்மலையைக் காக்குமாறு கேட்பது நியாயமன்று.

இறுதியாக, பிரயாணம் முடிந்தபின் மாணவர்களின் குறிப்புகள் மதிப்பெண் பெற்று அலமாரியில் உறங்கவிடலாகாது. அவற்றின் பிரதி ஒன்று அப்பகுதியின் வனச்சரக அலுவலகத்திற்கு அனுப்பப்படுதல் வேண்டும். எத்தேதியில் எம்மரம் பூத்திருந்தது, எவ்வோடையில் நீர் இருந்தது, எச்சித்திரத்தின்மீது புதிதாகப் பெயர் எழுதப்பட்டிருந்தது என்னும் செய்திகள் ஆண்டுதோறும் சேருமாயின், பத்தாண்டுகளில் அது ஒரு நல்ல பதிவேடாகும். அவ்வலுவலகம் குறிப்பைப் பெற்றுக்கொண்டதாக ஓர் அஞ்சலட்டை எழுதினால் போதும். அடுத்த ஆண்டு மாணவர்கள் இன்னும் கவனமாக எழுதுவர். இதற்குப் பெரிய திட்டமோ மிகுந்த செலவோ வேண்டியதில்லை. வரும் விடுமுறைக்குப் புறப்படும் முதற் குழுவே இதனைத் தொடங்கலாம்.